கூரை மேல் போன ஞானப்பல்

போன மாதம் எனக்கு ஒரு பல் பிடுங்கினார்கள். கீழ் வரிசை, இடது பக்கம், நான்காவது. உங்களுக்கும் ஐம்பது நெருங்குகிறது என்றால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முன்பெல்லாம் நாம் கூடினால் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். இப்போது யாருக்கு எந்தப் பக்கம் மெல்ல முடிகிறது என்று பேசுகிறோம். பிடுங்கிய டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயது இருக்கும். பல்லை ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டி, "கொண்டு போறீங்களா அன்ட்டி, இல்ல குப்பையில போடட்டுமா?" என்று கேட்டாள்.

வாய் நிறையப் பஞ்சு. பேச முடியவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேரும்வரை பொத்திய விரல்களைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ நகை வைத்திருப்பதாக நினைத்திருப்பார்.

ஒரு பல்லைத் தூக்கி எறிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் நான் ஒன்றை எறிந்திருக்கிறேன். அது என் பல் அல்ல, என் சித்தப்பாவுடையது.

எண்பதுகளின் கடைசி அது. இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற பாதையில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தபால் கந்தோரில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். இருபத்தி மூன்று வயது. கராம்பும் மிளகும் வாங்கி மூட்டை கட்டி அனுப்புகிற ஒரு ஸ்டோரில் வேலை செய்தார். மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் அவருக்கு முன்னால் கராம்பு வாசம் நுழையும். சட்டை, தலைமுடி, அவர் எனக்கு வாங்கி வருகிற இனிப்பு, எல்லாவற்றிலும் அந்த வாசம்.

அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தார், அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய சிங்கள இளைஞர்கள், சுவரில் துண்டுக் காகிதம் ஒட்டுவார்கள்: கடையை மூடு, கந்தோரை மூடு, ஆஸ்பத்திரியை மூடு. மறு பக்கத்தார், அரசாங்கப் படையினர், துப்பாக்கியோடு வந்து திற என்பார்கள். இரண்டு பக்கத்தாரும் தேடியது இளவட்டங்களைத்தான். படையினர் ஒரு ஊரைச் சுற்றி வளைத்தால் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஜீப்பில் ஒருவன் வருவான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தச் சாக்குக்குள் இருப்பவன் எப்போதும் நமக்குத் தெரிந்த ஒருவன்தான் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படிக் காட்டிக் கொடுத்தவன் என்று பெயர் எடுத்த ஒருவரை அதற்கு முந்தின மாதம் மதகடியில் கண்டெடுத்தார்கள். என்னை அந்தப் பக்கம் பார்க்க விடாமல் அம்மா கண்ணைப் பொத்திக் கூட்டிப் போனாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு ஞானப்பல் முளைத்தது. முளைத்த பல் நேராக வராமல் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டியது. பிறகு அதுவே சொத்தையாகியும் போனது. குழிக்குள் கராம்பை வைத்து அழுத்திக்கொண்டு வேலைக்குப் போனார். கராம்பு ஸ்டோரில் வேலை செய்கிறவருக்கே கராம்பு கேட்கவில்லை என்று அப்பா கேலி செய்தார். மூன்றாவது வாரம் கேலி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, மாத்தளை டவுனில் இருந்த சீனக்காரப் பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அந்தக் காலத்தில் இலங்கையின் டவுன்களில் அப்படி ஒரு சீனக் குடும்பம் பல் கட்டிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொண்டு இருப்பது வழக்கம். அவர்கள் துண்டு, ரசீது ஒன்றும் எழுத மாட்டார்கள்.

பகல் ஊரடங்கு போட்டார்கள். சித்தப்பா அன்று வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எங்கள் பாதையைச் சுற்றி வளைத்தார்கள். அப்பாவையும் கூட்டிப் போனார்கள். அம்மா பூஜைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கைக்கூட ஏற்றாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அப்பா திரும்பி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ரெண்டு தடவ தலையாட்டினான். பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு போய்ட்டாங்க. மேசன் வேலைக்குப் போற பையனையும் ஏத்திட்டாங்க" என்றார்.

பக்கத்து வீட்டுச் சிங்களத்து அம்மாவை நான் நெந்தா என்று கூப்பிடுவேன். அத்தை என்று அர்த்தம். அன்று கொண்டு போன பையன் அவரது ஒரே மகன், எனக்கு அண்ணன். சித்தப்பாவோடு கரப்பந்து ஆடுவார். எனக்குப் பல் விழுந்தால் அவரிடம்தான் ஓடுவேன். விழுந்த பல்லை ஓட்டுக் கூரையில் எறிந்து, "லேனோ, லேனோ" என்று அணிலைக் கூப்பிட்டு, இதை எடுத்துக்கொண்டு நல்ல பல் ஒன்று தா என்று கேட்க வேண்டும். என் கைக்குக் கூரை எட்டாது. கடைசியாக விழுந்த இரண்டு பற்களையும் அவர்தான் எறிந்தார். எறிந்துவிட்டு, "இனி அணில் பல்லு வரும், கொய்யாக்காய் எல்லாம் உனக்குத்தான்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரிப்பார்.

அன்று பகல் முழுவதும் நெந்தாவின் வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குப் பயம் குறைந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கு சித்தப்பா வந்தார். ஊரடங்கால் இரவு டவுனிலேயே தங்கிவிட்டு, பஸ் இல்லாமல் நடந்தே வந்திருந்தார். தாடையைச் சுற்றி லேஞ்சித் துணி கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு கன்னம் வீங்கிக் கண்ணைத் தள்ளியது. வாயில் பஞ்சு. அம்மாவைக் கண்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கொக்கி போல வளைந்த இரண்டு வேர்களோடு அந்தப் பல். குழிக்குள் கராம்பு மொட்டு ஒன்று கறுத்துப்போய் அப்படியே இருந்தது.

"ஐயோ, அசிங்கம் புடிச்சது, அங்கிட்டு வைங்க தம்பி" என்றாள் அம்மா. அவர் பெட்டியை என் கையில் தந்துவிட்டுப் பாயில் சாய்ந்தார்.

நான் என்ன செய்தேன் என்று ஊகித்திருப்பீர்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெரியவர்களுக்குப் பல் மறுபடி முளைக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பாவின் வாயில் இருக்கிற அவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அணில்தான் வழி பண்ண வேண்டும், தாமதித்தால் அது மறந்துவிடும் என்று நினைத்தேன். எறிய அண்ணன் இல்லை. கொல்லைப்புறத்துக் கல்லின் மேல் ஏறி நானே "லேனோ, லேனோ" என்று சொல்லி முழுப் பலத்தோடு எறிந்தேன். உச்சி ஓட்டுக்குப் போகவில்லை. உருண்டு தகரப் பீலிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் அணில் பார்க்குமா என்றுதான் அன்றைய என் ஒரே கவலை. காலிப் பெட்டியை அலுமாரியில் பத்திரமாக வைத்தேன்.

அம்மா அன்றிரவே உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தாள். சுடச்சுட உப்புத் தண்ணீரால் கொப்பளிக்க வைத்தாள். நின்றிருந்த ரத்தம் மறுபடி வந்தது. இப்போது என் டாக்டர் தந்த தாளில் முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, சூடு வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அன்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? புதன்கிழமை காலையில் சித்தப்பாவின் முகம் அவருடையதாகவே இல்லை. தாடைக்குக் கீழே கழுத்துவரை நீலம் இறங்கியிருந்தது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சியை ஆறவைத்து, கரண்டியைக்கூட நுழைக்க முடியாமல், உதட்டோரமாக ஊற்றினோம். எச்சில் விழுங்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். ஆனாலும் என் கொப்பியை வாங்கி, "உன் அம்மா என்னைக் கொல்லப் பார்க்கிறாள், போலீசுக்குச் சொல்லு" என்று எழுதிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

ஏனென்றால் அம்மா காலையில் கடைக்குப் போய் வந்திருந்தாள். கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றதாம். கடைக்காரர் பருப்பை நிறுத்துத் தரும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். திரும்பும்போது குழாயடியில் ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாளாம்: "அந்தச் சாக்குல கராம்பு வாசம் அடிச்சிச்சாம் அக்கா. ஒங்க வீட்டுத் தம்பி திங்கக்கிழம எங்க போனாரு?"

மாத்தளையில் எந்தச் சாக்கில் கராம்பு வாசம் அடிக்காது? ஆனால் ஊர் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. திங்கட்கிழமை காணாமல் போனவன், செவ்வாய்க்கிழமை சாக்கு வந்த பிறகு அடிபட்ட முகத்தோடு திரும்பி வருகிறான். படை முகாமுக்குள் போன யாரும் அடுத்த நாள் திரும்பி வருவதில்லை. இவன் மட்டும் வந்திருக்கிறான். அடி தாங்காமல் தலையாட்டினான் என்பதுதான் கணக்கின் விடை.

"ஜன்னல் பக்கம் போகாதீங்க தம்பி. ஒங்க மொகத்த யாருக்கும் காட்டாதீங்க" என்றாள் அம்மா. ஒளிக்க ஒளிக்கச் சந்தேகம் கூடும் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று அவளுக்குப் பயம் ஒன்றுதான் தெரிந்தது.

புதனும் வியாழனும் நெந்தா வேலியோரம் வந்து நின்றார். கையில் ஒரு மூடிய பாத்திரம். பச்சை இலை பிழிந்து காய்ச்சிய கஞ்சி. "மல்லிக்குக் குடுங்க. வாய் தொறக்குதா இப்ப? பேச ஏலுமா?" என்று கேட்டார். சித்தப்பாவைத் தம்பி என்ற அர்த்தத்தில் மல்லி என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். அம்மா வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து, நேராகப் பின்கதவால் போய் வாழைக்கு ஊற்றினாள்.

"ஏன்மா ஊத்துறீங்க?"

"வாய மூடு. மகனப் பறிகுடுத்தவ. உள்ளுக்கு என்னத்தப் போட்டிருக்காளோ! பேச ஏலுமான்னு வேற கேக்குறா பாரு."

பாத்திரத்தைக் கழுவி, நன்றி சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். வியாழக்கிழமை அந்தக் கஞ்சியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். தேங்காய்ப்பாலும் பூண்டும் போட்டு அவ்வளவு பதமாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கேட்டடியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். சித்தப்பாவோடு கரப்பந்து ஆடுகிறவர்கள். வேறு நாளாக இருந்தால் பந்தைத் தட்டிக்கொண்டே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். அன்று பந்து இல்லை. அவர்களுக்குப் பின்னால் நெந்தா. அவர்கள் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அவனை வெளியில வரச் சொல்லுங்க" என்றான் அவர்களில் மூத்தவன்.

அப்பா போய் நின்றார். "அவனுக்குப் பல் பிடுங்கியிருக்கு. பேச ஏலாது."

"நாங்களும் கேள்விப்பட்டோம். எங்க பிடுங்கினது?"

"டவுன்ல, சீனக்காரர்ட்ட."

"சீனக்காரர் கடை மூடியிருக்கு. நேத்து போய்ப் பார்த்தோம்."

சித்தப்பா தானாகவே வெளியே வந்தார். அந்த முகத்தைக் கண்டதும் மூவரில் இளையவன் ஒரு அடி பின்னால் போனான். சித்தப்பா வாயைத் திறந்து காட்டப் பார்த்தார். ஒரு விரல் இடைவெளி. உள்ளே இருட்டுத்தான் தெரிந்தது. ஏதோ சொல்ல முயன்றார். வெறும் முனகல் வந்தது.

"பல் எங்க?" என்றான் மூத்தவன். "பிடுங்கின பல்லு இருக்குமே. காட்டுங்க."

அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது. அலுமாரிக்கு ஓடினாள். நெருப்புப் பெட்டியோடு திரும்பி வந்தாள். எல்லோருக்கும் முன்னால் திறந்தாள்.

அந்தக் காலிப் பெட்டியை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. அடியில் காய்ந்த ரத்தம் ஒரு பொட்டு. அப்பா அதை வாங்கிக் கவிழ்த்து, நாள் முழுக்க முத்திரை குத்துகிற கையால் தட்டிப் பார்த்தார். 

"நான்தான் எறிஞ்சேன்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை போலிருந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "கூரையில எறிஞ்சேன். அணிலுக்கு."

மூத்தவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "பிள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க."

அப்போது நெந்தா அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். என் முன் குனிந்தார். மூன்று நாள் தூங்காத கண்கள். "துவே, மகளே, எறியும்போது என்ன சொன்ன?"

"லேனோ லேனோ" என்று தொடங்கி அவர் மகன் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. "உச்சிக்குப் போகல. பீலிக்குள்ள விழுந்திடுச்சு. அண்ணன் இருந்திருந்தா சரியா எறிஞ்சிருப்பாரு."

நெந்தா நிமிர்ந்து இளையவனைப் பார்த்தார். "ஏறு" என்றார்.

அவன் கொய்யா மரத்தில் கால் வைத்து ஏறினான். பீலிக்குள் கையை விட்டு மக்கிய இலைகளை அள்ளி அள்ளிக் கீழே போட்டான். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. அணிலையும் வேண்டினேன், அது பல்லை எடுத்துப் போயிருக்கக் கூடாது என்று. சித்தப்பா திண்ணென்று நின்றார். அவருடைய லேஞ்சியின் முடிச்சு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றான் மேலே இருந்தவன்.

இறங்கி வந்து உள்ளங்கையை விரித்தான். சேற்றுக்குள் அந்தப் பெரிய பல். வளைந்த வேர் இரண்டும் முழுசாக இருந்தன. குழிக்குள் கராம்பு. மூத்தவன் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடித்து உடைத்த பல் வேரோடு வராது. அது யாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் முகம் இளகவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தான்.

அதற்குள் நெந்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். 

"அப்ப நீ அங்க போகலியா மல்லி?" என்றார். "உன்ன அடிக்கலியா? நீ உள்ளுக்கு இருக்கலியா?"

சித்தப்பா தலையை ஆட்டினார், இல்லை என்று.

"என் மகன நீ பார்க்கலியா?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஊர் முழுக்கப் பயந்தும் கோபப்பட்டும் பார்த்த அந்த முகத்தை அவர் ஒருவர்தான் ஆசையோடு பார்த்திருக்கிறார். உள்ளே போன ஒருத்தன் உயிரோடு திரும்பியிருக்கிறான், வாய் திறந்ததும் மகன் எங்கே இருக்கிறான் என்று சொல்வான் என்று நம்பியிருக்கிறார். கஞ்சி அதற்குத்தான். பேச முடிகிறதா என்று கேட்டதும் அதற்குத்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வாழை மரத்தைப் பார்த்தாள்.

அந்த மூன்று பேரும் சித்தப்பாவை நம்பியது பல்லைப் பார்த்தல்ல, நெந்தா உட்கார்ந்ததைப் பார்த்துத்தான். மூத்தவன் பல்லை அப்பாவின் கையில் வைத்தான். கேட்டைத் தாண்டிப் போனார்கள்.

மரத்தில் ஏறியவன் மட்டும் திரும்பி வந்தான். "இதுவும் அங்கதான் கெடந்திச்சு" என்று இன்னொரு கையைத் திறந்தான். பயறு அளவில் இரண்டு பால் பற்கள்.

"யார்ட பல்லு?" என்று கேட்டார் நெந்தா.

"என்னோடது. அண்ணன் எறிஞ்சது."

அவர் அந்த இரண்டையும் வாங்கித் தன் சேலைத் தலைப்பில் துடைத்தார். அதே தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டில் மீன் பொரித்தோம். சித்தப்பாவால் தின்ன முடியாது என்று தெரிந்தும் அம்மா பொரித்தாள். எல்லோரும் சிரித்தோம். பொரித்த வாசம் வேலி தாண்டிப் போயிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தில் சித்தப்பாவின் வாய் முழுசாகத் திறந்தது. அதைக் கேள்விப்பட்டு நெந்தா வந்தார். ஊருக்குப் பயந்துதான் அன்று இல்லை என்று தலையாட்டினாய், பரவாயில்லை, இப்போது என்னிடம் மட்டும் சொல்லு என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மல்லி. பார்த்தேன்னு ஒரு வார்த்த சொல்லு."

பார்த்தேன் என்று ஒரு பொய் சொன்னால் அவர் அன்றிரவு தூங்கியிருப்பார். சித்தப்பாவை அந்தப் பொய் மதகடிக்குக் கொண்டுபோயிருக்கும். நன்றாகத் திறந்த வாயை வைத்துக்கொண்டு அவர் பேசாமல் நின்றார். அந்த வருடமே கொழும்புக்குப் போனார், பிறகு வெளிநாட்டுக்கு. இன்றும் பல் வலித்தால் கராம்பு வைக்க மாட்டார். அந்த அண்ணன் வரவேயில்லை.

போன மாதம், வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்த பிறகு, அந்தக் குட்டிப் பையைத் திறந்து பல்லை மேசையில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாற்பது வருடம் மென்ற பல். கீழ் வரிசை, இடது பக்கம், நான்காவது. அண்ணன் கடைசியாகக் கூரையில் எறிந்த பால் பல்லுக்குப் பதிலாக, எனக்காக அணிலிடம் கேட்டு வாங்கித் தந்த பல் அதுதான்.